ஸ்னோமொபைல் கார்பரேட்டர்: பாகங்களும் அவற்றைச் சரிசெய்யும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பரேட்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தருவது கார்பரேட்டர். எஞ்சின் இழுக்கும் காற்று, அதன் நடுவே குறுகலாக அமைந்த வென்சுரி வழியாகப் போகும்போது வேகமெடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலின் மேல் வளிமண்டல அழுத்தம் குறையாமல் இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட்டுகள் என்னும் நுண்துளைப் பித்தளைப் பாகங்கள் வழியே மேலே தள்ளுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பலரும் சொல்வார்கள். பெட்ரோல் தள்ளப்படுகிறது என்று எண்ணிக்கொண்டால் பல கோளாறுகள் சட்டென்று விளங்கும். கிண்ணத்துக்குக் காற்றைக் கொண்டுவரும் மெல்லிய வென்ட் குழாய் பனியால் அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெட்டுகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தாலும் எஞ்சின் பெட்ரோலுக்குத் தவிக்கும், ஏனென்றால் மேலிருந்து தள்ள எதுவும் இல்லை.

இங்கே சொல்லப்படுவது எந்த வகைக் கார்பரேட்டர்?

டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களில் நீண்ட காலம் கோலோச்சிய, ஸ்லைடும் மிதவையும் கொண்ட மிகுனி நிறுவன வகை. ஸ்லைடு என்பது லீவரை அழுத்தும்போது மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் அடைப்பு. மிதவை என்பது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பாகம். உருண்டை ஸ்லைடு உள்ளவை விஎம் வரிசை, தட்டை ஸ்லைடு உள்ளவை டிஎம் வரிசை. பெயருக்குப் பின்னால் வரும் எண், காற்று போகும் துளையின் விட்டம்: விஎம்34 என்றால் 34 மில்லிமீட்டர். பழைய வண்டிகள் பலவற்றில் மிதவை இல்லாத டயாஃப்ரம் கார்பரேட்டர்கள் இருந்தன. அவற்றை வெளியே தெரியும் இரண்டு ஸ்க்ரூக்களால் சரிசெய்வார்கள். அந்த முறை இதற்குப் பொருந்தாது. எரிபொருள் ஊசிப்பீச்சு (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வந்த புதிய வண்டிகளுக்கும் இங்கே வேலையில்லை.

எந்தப் பாகத்தைத் தொட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மற்றக் கேள்விகள் எல்லாம் இதன் கிளைகள்தான். கோளாறு வரும்போது த்ராட்டில், அதாவது ஸ்லைடு, எவ்வளவு திறந்திருக்கிறது? முதலில் இதைக் கேளுங்கள். ஸ்லைடு கார்பரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆட்சி எல்லை உண்டு.

மூடிய நிலையிலிருந்து அரைக்கால் (1/8) திறப்பு வரை, கொஞ்சம் அதைத் தாண்டியும், பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அரைக்காலிலிருந்து கால் திறப்பைத் தாண்டும் வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசியும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை, ஒன்றின் செல்வாக்கு மங்கும்போதே அடுத்தது தொடங்கிவிடும். ஆனாலும் அரைத் திறப்பில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது வீண் வேலை. ஐடில் (லீவரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் மெதுவான வேகம்) சரியில்லை என்று ஊசியைக் கழற்றுவதும் அப்படித்தான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் நல்ல கார்பரேட்டர்கள் பல மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து மாட்டப்படுகின்றன.

ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. ஸ்னோமொபைலில் கியர் இல்லை, பெல்ட்டும் கிளட்ச்சும் சேர்ந்த சிவிடி இருக்கிறது. அந்த கிளட்ச் எஞ்சினை ஒரே ஆர்பிஎம் அருகே வைத்துக்கொண்டு பெல்ட்டின் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். ஆழமான பனியில் ஏறும்போதும் இறுகிய பாதையில் ஓடும்போதும் மீட்டர் ஒரே இடத்தைக் காட்டலாம், த்ராட்டில் திறப்போ வெவ்வேறாக இருக்கும்.

எளிய வழி இருக்கிறது. த்ராட்டில் லீவரின் அருகே சிறு ஒட்டுத்துண்டு ஒட்டுங்கள். எஞ்சினை அணைத்து, கார்பரேட்டருக்குக் காற்று வரும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஸ்லைடு கால், அரை, முக்கால் உயரத்துக்கு வரும் இடங்களில் லீவரின் நிலையைக் கோடாகக் குறியுங்கள். பிறகு ஓட்டும்போது, கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

லீன், ரிச் என்கிறார்களே, அடையாளம் என்ன? லீனுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

காற்றுக்குத் தேவையான அளவைவிடப் பெட்ரோல் குறைந்தால் லீன், மிகுந்தால் ரிச். எடையளவில் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் முழுச் சக்தி கிடைப்பது 13-ஐ ஒட்டிய, சற்றே ரிச்சான கலவையில்தான்.

ரிச்சான எஞ்சின் தடுமாறி உறுமும், புகை விடும், ஸ்பார்க் பிளக் கரிபிடித்துக் கறுக்கும், பெட்ரோல் செலவாகும். எரிச்சல் தரும் கோளாறுதான், ஆனால் பெரும்பாலும் பிளக்கோடு போய்விடும். லீனான எஞ்சின் லீவரை அழுத்தியதும் ஒரு கணம் செத்துப்போய்ப் பின் துள்ளும். லீவரை விட்ட பிறகும் ஐடிலுக்கு உடனே இறங்காமல் தொங்கும். பிளக் வெளுத்துப்போகும். சில நேரம் அது நன்றாகவும் ஓடும், அதுதான் ஆபத்து. கொஞ்சம் லீனான எஞ்சின் கூர்மையாக, உற்சாகமாக ஓடுவதுபோலத் தோன்றும், அந்த உற்சாகத்திலேயே பிஸ்டன் உருகும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமன்று. உள்ளே நுழையும் கலவை, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸையும் பிஸ்டனின் அடிப்பகுதியையும் குளிர்வித்துக்கொண்டே போகிறது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். வெப்பம் ஏறும்போதே பாதுகாப்பும் சுருங்குவதால், முழுத் திறப்பில் நீண்ட நேரம் லீனாக ஓடிய எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். சந்தேகம் வரும்போதெல்லாம் ரிச் பக்கம் நில்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மிதவையின் உயரம் அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். பலர் கடைசியில் பார்ப்பார்கள், முதலில் பார்க்க வேண்டியது அது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லாத் திறப்புகளிலும் கலவை ரிச்சாகும், தாழ்ந்தால் எல்லாவற்றிலும் லீனாகும். மட்டம் தவறாக இருக்கும்போது ஜெட் மாற்றிக் கண்ட முடிவுகள் எதற்கும் உதவாது.

விஎம் வகையில் கிண்ணத்தையும் அதன் கேஸ்கெட்டையும் எடுத்துவிட்டு கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவையைத் தாங்கும் கை, கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வைத் தொடும் சிறு நாக்கை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். வால்வின் கூம்பு முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் வளைத்துப் பயனில்லை, வால்வையும் அதன் இருக்கையையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த வால்வு பெட்ரோலை நிறுத்தாமல் வென்ட் குழாய் வழியே சொட்டவிடும், எஞ்சின் நின்றிருக்கும்போது கிராங்க்கேஸுக்குள்ளும் இறக்கிவிடும்.

ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்?

விஎம் கார்பரேட்டரின் பக்கவாட்டில், ஏர் பாக்ஸை ஒட்டி இருப்பது ஏர் ஸ்க்ரூ. அது பைலட் ஜெட்டுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை ரிச்சாகும், வெளியே திருகினால் லீனாகும். எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ உள்ள வேறு வகைகளில் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதால் விளைவு நேர்மாறாக இருக்கும். முதலில் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனையும் அது உட்காரும் துளையும் கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். ஐடிலில் கால் சுற்றுகளாகத் திருப்பி, ஆர்பிஎம் மிக உயரும் இடத்தைத் தேடுங்கள். கிடைத்ததும் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறக்கி, மீண்டும் ஒருமுறை தேடுங்கள்.

சிறந்த இடம் அரைச் சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் சிறியது, ஒரு அளவு பெரிதாக்குங்கள். இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் வேகம் ஏறிக்கொண்டே போனால் ஜெட் பெரியது. ஸ்க்ரூவைத் திருப்பியும் ஒன்றுமே மாறவில்லையா? பைலட் ஜெட் அடைத்திருக்கும், அல்லது ஐடில் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் ஏற்றி ஸ்லைடு ஏற்கெனவே உயர்ந்து நிற்கும்.

ஸ்லைடின் அடியில் இருக்கும் வெட்டு எதற்கு?

காற்று வரும் பக்கமாக ஸ்லைடின் விளிம்பு சற்று உயர்த்தி வெட்டப்பட்டிருக்கும். 2.0, 2.5, 3.0 என்று அதில் பொறித்திருக்கும் எண் அந்த வெட்டின் உயரம், மில்லிமீட்டரில். எண் பெரிதானால் காற்றுக்கு வழி கூடி கலவை லீனாகும். ஸ்லைடுகள் விலை கூடியவை, மாற்றும் தேவையும் அபூர்வம். நிறுவனம் பொருத்தியதையே விட்டுவிடுவது பெரும்பாலும் நல்லது.

ஊசியின் கிளிப்பை மேலே நகர்த்தினால் ரிச்சா, லீனா?

லீன். இங்கே குழப்பம் வருவது இயல்பு. ஊசியின் மேல்முனையில் வழக்கமாக ஐந்து வெட்டுகள் இருக்கும், எண்ணிக்கை மேலிருந்து தொடங்கும். கிளிப்தான் ஸ்லைடுக்குள் உட்கார்ந்து ஊசியைத் தாங்குகிறது. கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கி நீடில் ஜெட்டின் துளையை இன்னும் அடைக்கும். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோலுக்கு இடம் விடும்.

நீடில் ஜெட் என்பது ஊசி ஏறி இறங்கும் பித்தளைக் குழல். பெட்ரோல் வருவது அந்தக் குழலுக்கும் ஊசிக்கும் இடையிலான மெல்லிய வளைய இடைவெளியில். தொடக்கத்தில் ஊசியின் நேரான பகுதி அங்கே நிற்பதால் இடைவெளி மாறாது. ஸ்லைடு உயர உயரக் கூர்ந்த பகுதி வந்து இடைவெளி பெருகும். ஆகவே கால் திறப்பை ஒட்டிய கோளாறுக்கு ஊசியின் தடிமனும் நீடில் ஜெட்டின் துளையும் காரணம், அதற்கு மேலே கிளிப்பும் ஊசியின் சரிவும் காரணம். கால் திறப்பில் ரிச்சாகவும் முக்காலில் லீனாகவும் இருக்கும் வண்டிக்குக் கிளிப்பை எங்கே வைத்தாலும் ஒரு முனை சரியாகி மறுமுனை கெடும். அங்கே வேறு ஊசிதான் தீர்வு.

ஊசியில் பொறித்த குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6டிஎச்4 என்றால், முதல் எண் 6 நீளம் 60 முதல் 70 மில்லிமீட்டருக்குள் என்கிறது. அடுத்த இரண்டு எழுத்துகள் இரண்டு சரிவுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ என்பது கால் டிகிரி, ஒவ்வோர் எழுத்துக்கும் கால் டிகிரி கூடும். ஆகவே டி ஒரு டிகிரி, எச் இரண்டு டிகிரி. நீடில் ஜெட்டிலும் பி-4, கியூ-0 போன்ற குறிகள் இருக்கும். எழுத்து ஒன்று ஏறினால் துளை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகும், எண் ஒன்று ஏறினால் 0.005 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசம் எஞ்சினின் குணத்தையே மாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒரு வெட்டு அதிகமாகவும் அடுத்தது குறைவாகவும் தோன்றினால், கிளிப்புக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து ஊசியை அரை வெட்டு அளவுக்கு உயர்த்தலாம்.

இன்னொன்று: நீண்ட காலம் ஓடிய வண்டியில் அதிர்வால் ஊசி நீடில் ஜெட்டை உரசி, வட்டத் துளையை நீள்வட்டமாக்கிவிடும். நடுத் திறப்பில் மட்டும் காரணமில்லாமல் ரிச்சாக ஓடும் பழைய வண்டிகளில் இதைச் சந்தேகியுங்கள்.

மெயின் ஜெட் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

மிகுனியின் அறுகோணத் தலை கொண்ட மெயின் ஜெட்டில் உள்ள எண் அதன் வழியே பாயும் அளவைக் குறிக்கிறது, உருண்டைத் தலை ஜெட்டில் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. இரண்டும் வேறு கணக்கு. வேறு நிறுவன ஜெட்டின் எண்ணையும் இதோடு ஒப்பிடக் கூடாது.

சரிசெய்யும் வரிசையில் எதை முதலில் பார்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் ஐடிலிலிருந்து மேலே போவார்கள். நான் மெயின் ஜெட்டை முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அங்கே செய்யும் தவற்றுக்குத்தான் பிஸ்டன் விலையாகப் போகிறது. நிறுவனத்தின் ஜெட் அட்டவணை சொல்வதைவிட ஓர் அளவு பெரிய ஜெட்டோடு தொடங்குங்கள். முழுத் திறப்பில் எஞ்சின் தடுமாறி உறுமினால் ஒவ்வோர் அளவாகக் குறைத்து, தெளிவாக ஓடும் முதல் ஜெட்டோடு நிறுத்துங்கள். அதற்குக் கீழே போக ஆசை வரும், போகாதீர்கள்.

அகன்ற, யாரும் இல்லாத இடத்தில் முழுத் திறப்பில் ஓடும்போது லீவரை மிகச் சிறிதே தளர்த்திப் பாருங்கள். எஞ்சின் சட்டென்று வலுப்பெற்றால் மெயின் ஜெட் லீன். அந்தத் தளர்த்தலில் காற்று குறைந்து கலவை ஒரு கணம் ரிச்சானதால் வந்த வலு அது.

அடுத்து பிளக்கைப் பார்க்கும் முறை. புதிய பிளக் போட்டு, எஞ்சினைச் சூடாக்கி, முழுத் திறப்பில் கொஞ்ச தூரம் ஓட்டி, லீவரை விடாமலே எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை அழுத்துங்கள். ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தினால் பிளக்கில் தெரிவது ஐடிலின் நிறம்தான். வெள்ளைப் பீங்கானின் அடிப்பக்கம் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் லீன், ஈரமாகக் கறுத்திருந்தால் ரிச். இன்றைய பெட்ரோலில் நிறம் ஏற நேரமாகும், அதனால் நான் பிஸ்டனின் தலையையும் பார்ப்பேன். பிளக் துளை வழியே விளக்கடித்தால், கலவை நுழையும் ஓரங்களில் கரியில்லாமல் கழுவினாற்போன்ற திட்டுகள் தெரியும். திட்டே இல்லை, கரி விளிம்பு வரை பரவியிருக்கிறது என்றால் எஞ்சின் லீனாக ஓடுகிறது.

இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் இடது, வலது கார்பரேட்டர்களுக்கு வெவ்வேறு அளவு மெயின் ஜெட்டுகளை நிறுவனமே பொருத்தியிருக்கும். தவறு என்று எண்ணி ஒன்றாக்கிவிடாதீர்கள். கழற்றும்போதே எது எங்கிருந்தது என்று எழுதிவையுங்கள்.

குளிரும் மலை உயரமும் ஜெட்டை எப்படி மாற்றுகின்றன?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, உயரத்துக் காற்று மெலிந்தது. எஞ்சின் இழுக்கும் கன அளவு ஏறத்தாழ ஒன்றே, அதற்குள் இருக்கும் காற்றின் எடைதான் மாறுகிறது.

0 டிகிரி செல்சியஸிலிருந்து −30 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 12 சதவீதம் கூடும். அடர்ந்த காற்று வென்சுரியில் அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைப்பதால் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் பாதி அளவுக்குத்தான் ஈடுகட்டும். மீதி 6 சதவீதம் லீன். 0 டிகிரிக்கு 300 எண் மெயின் ஜெட் சரியாக இருந்தால், −30-க்கு 320 அருகே வேண்டியிருக்கும். காலையில் சரிசெய்த வண்டி இரவின் கடுங்குளிரில் பிஸ்டனை இழப்பதற்கு இதுதான் காரணம்.

உயரத்தில் இது தலைகீழ். தர வளிமண்டலக் கணக்குப்படி 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதமும், 3,000 மீட்டரில் 26 சதவீதமும் குறைவு. அதே 300 எண் ஜெட்டோடு 3,000 மீட்டருக்கு ஏறினால் கலவை மிக ரிச்சாகி வண்டி மந்தமாகும், 260-ஐ ஒட்டிய ஜெட் வேண்டும். ஏறும்போது வரும் தொல்லை சக்தியிழப்பு மட்டுமே. மேலே சிறிய ஜெட் மாட்டி ஓட்டியவர் அதை மாற்றாமல் சமவெளிக்கு இறங்கி முழுத் த்ராட்டில் கொடுக்கும்போதுதான் எஞ்சின் சாகிறது. இறங்குவதற்கு முன் ஜெட்டை மாற்றுங்கள்.

என் கணக்கு திசையைக் காட்டுவதற்கு. உங்கள் வண்டிக்கான சரியான எண், வெப்பநிலையையும் உயரத்தையும் வைத்து நிறுவனம் தரும் அட்டவணையில் இருக்கிறது. அதை எஞ்சின் மூடிக்கு அடியிலோ கையேட்டிலோ காணலாம். இரண்டு கட்டங்களுக்கு இடையில் நின்றால் பெரிய ஜெட்டை எடுங்கள். ஏர் பாக்ஸையோ எக்ஸாஸ்ட்டையோ மாற்றிய வண்டிக்கு அந்த அட்டவணை பொருந்தாது.

சோக்கை இழுத்தும் எஞ்சின் கிளம்பவில்லை. ஏன்?

த்ராட்டில் லீவரையும் சேர்த்து அழுத்துகிறீர்களா? இந்தக் கார்பரேட்டர்களில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு அன்று, தனிப் பெட்ரோல் வழியைத் திறக்கும் சிறு பிளஞ்சர். ஸ்லைடு மூடியிருந்தால்தான் அதன் பின்னால் போதுமான இழுவை உண்டாகி அந்த வழியில் பெட்ரோல் வரும். லீவரை விட்டுவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுங்கள்.

எதிர்க் கோளாறும் உண்டு. சோக் கேபிளில் தளர்வே இல்லையென்றால் பிளஞ்சர் முழுதாக உட்காராமல் எப்போதும் பெட்ரோல் கசியும். பிளக்குகள் அடிக்கடி நனைந்து, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பியும் எதுவும் மாறாமல் போனால், கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு அல்லது மூன்று கார்பரேட்டர்கள் இருந்தால்?

எல்லா ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் அந்தச் சிலிண்டர் மற்றதையும் சுமந்து ஓடும், ஐடில் ஆட்டம் காணும். ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்து, இரண்டையும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும்படி கேபிள் அட்ஜஸ்டர்களைத் திருப்புங்கள். பிறகு முழுத் திறப்பில் ஸ்லைடுகள் துளையை முழுதாக விட்டு மேலேறுகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இதோடு முடிந்ததாக எண்ணாதீர்கள். எண்ணெயைத் தனியே செலுத்தும் வண்டிகளில் எண்ணெய் பம்ப்பின் கேபிளும் அதே லீவரோடு இணைந்தது. கார்பரேட்டர் கேபிளைத் தொட்டால் பம்ப்பில் உள்ள குறிக்கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். சில வண்டிகளில் ஸ்லைடு மேலே சிக்கிக்கொண்டால் தீப்பொறியைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் உண்டு. கேபிள் தளர்வு தவறினால் அது காரணமின்றி எஞ்சினை நிறுத்தும்.

ஸ்லைடைக் கழற்றி மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வெட்டு உள்ள பக்கம் ஏர் பாக்ஸை நோக்க வேண்டும். ஸ்லைடின் பக்கவாட்டில் உள்ள பள்ளம், கார்பரேட்டர் உடலில் நீட்டியிருக்கும் சிறு முளையில் சரியாக அமர வேண்டும். திருப்பி மாட்டினால், அல்லது பள்ளத்தில் அமராமல் மூடியை இறுக்கினால், ஸ்லைடு திறந்தபடியே நின்று எஞ்சின் கிளம்பியதும் முழு வேகத்தில் பாயும். ஊசி நீடில் ஜெட்டுக்குள் நேராக இறங்கியதையும் உறுதிசெய்யுங்கள்.

மாட்டி முடித்ததும், எஞ்சினைக் கிளப்புமுன், லீவரை முழுதாக அழுத்தி விடுங்கள். ஸ்லைடு ‘டக்’ என்று அடியில் மோதும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கயிற்றைத் தொடாதீர்கள். உறைபனியில் நின்ற வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், ஸ்லைடைச் சுற்றி உறைந்த ஈரமும் அதைச் சிக்கவைக்கும். பின்பக்கம் தூக்கி நிறுத்தி ஓடவிடும்போது ட்ராக்குக்கு (வண்டியை நகர்த்தும் பட்டைக்கு) நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்பரேட்டர் உறையுமா?

உறையும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், காற்றிலுள்ள ஈரம் ஸ்லைடு மேலும் நுண்துளைகளிலும் பனியாகப் படியும். கடுங்குளிரின் வறண்ட காற்றைவிட, உறைநிலையை ஒட்டிய ஈரமான நாள்களில் இது அதிகம். பொடிப்பனியில் ஓடும்போது ஏர் பாக்ஸ் உள்ளே இழுக்கும் பனியும் சேர்ந்துகொள்ளும். அதற்காகவே சில வண்டிகளில் எஞ்சினின் சூடான கூலன்ட்டைக் கார்பரேட்டர் உடல் வழியே ஓடவிடும் வால்வு இருக்கிறது.

தொட்டியில் சேரும் தண்ணீர் இன்னொரு தொல்லை. அது கிண்ணத்தின் அடியில் தங்கி, மெயின் ஜெட்டைச் சுற்றி உறைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அடிப்படையிலான உறைதடுப்பானைப் புட்டியில் எழுதிய அளவில் மட்டும் கலக்கலாம். அளவு மீறினால் அதுவே கலவையை லீனாக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஜெட் மாற்ற வேண்டுமா?

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதில் 14.1 பங்கு காற்றே போதும், அதாவது அதே ஜெட்டில் கலவை சுமார் 4 சதவீதம் லீன். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வகுத்த அட்டவணை என்றால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். அட்டவணையே எத்தனாலுக்குத் தனி எண் தந்தால் அதுவே சரி.

ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பித்தளை மென்மையானது, எஃகுக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ரப்பர் வளையங்களையும் வால்வையும் எடுத்த பிறகே உடலை ஊறவையுங்கள். சுத்தம் செய்த ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மிகுனி ஸ்க்ரூக்களின் தலை ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வடிவம். சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றை மழுக்கிவிடும், ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி தரையோரம் தவழ்ந்து போகும், அதனால் இந்த வேலையைத் திறந்த இடத்தில், ஹீட்டரும் தீயும் அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் லீனாகவே ஓடுகிறது. இனி எங்கே பார்ப்பது?

கார்பரேட்டருக்கு வெளியே. கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழலில் விரிசல் விழுந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகும். வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். கிராங்க் சீல் கசிந்தாலும் இதே அறிகுறிதான். ஸ்னோமொபைலின் பெட்ரோல் பம்ப் கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பால் இயங்குவது. அந்தத் துடிப்புக் குழாய் வெடித்தாலோ பம்ப்பின் டயாஃப்ரம் விறைத்தாலோ ஐடிலில் நன்றாக ஓடி, முழுத் திறப்பில் கிண்ணம் காலியாகும். தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியையும் பாருங்கள். நடுத் திறப்பில் இழுவை இல்லை என்ற புகாருக்குப் பல நேரம் தேய்ந்த பெல்ட்டோ கிளட்ச் ஸ்பிரிங்கோ காரணம், அதை எந்த ஜெட்டாலும் தீர்க்க முடியாது.

பருவம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்?

கோடை முழுதும் கிண்ணத்தில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, பிசுபிசுப்பான பழுப்புப் படலமாக மாறும். முதலில் அடைவது எல்லாவற்றிலும் நுண்ணிய துளை கொண்ட பைலட் ஜெட். தொட்டியில் பெட்ரோல் நிலைப்படுத்தி கலந்து, அது கார்பரேட்டர் வரை போகும்படி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். பிறகு பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள். பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கடைசி நொடிகள் லீனாகவே ஓடும் என்பதால் வடிகால் ஸ்க்ரூவே மேல். ஏர் பாக்ஸின் வாயில் எலி கூடு கட்டாதபடி வலை போடுங்கள், அடுத்த பருவத்தில் கிளப்புமுன் அதை எடுக்க நினைவுறுத்தும் சீட்டு ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள்.